மழைக்காலத்துக் கிர்ணி

சென்னை விமான நிலையத்தின் சுங்கப் பகுதியில் எல்லோரும் பச்சை வழியில் போய்க்கொண்டிருந்தபோது நோரா மட்டும், கொண்டுவந்ததைக் காட்ட வேண்டியவர்கள் போகும் சிவப்பு வழியில் போனாள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி கேட்பதற்கு முன்பே கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்ன மேடம் இது?"

"விதை. முலாம்பழ விதை."

"எங்க வாங்கினீங்க?"

"வாங்கல. நானே உண்டாக்கினது."

அதிகாரி டப்பாவைத் திறந்தார். மருந்து மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னச் சின்னக் காகித உறைகள் வரிசையாக இருந்தன. வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவந்தால் அந்த நாட்டுச் சான்றிதழ் வேண்டும், இங்கே முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். நோராவுக்கு அது தெரியும். புறப்படும் முன் அங்கே கேட்டுப் பார்த்தாள். வீட்டுத் தோட்டத்தில் எடுத்த ஒரு கைப்பிடி விதைக்கெல்லாம் சான்றிதழ் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். கூட வேலை பார்த்த நர்ஸ்கள், சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு போ, யாருக்குத் தெரியப் போகிறது என்று யோசனை சொன்னார்கள். இத்தனை வருஷ உழைப்பைச் சாக்ஸுக்குள் ஒளித்துக்கொண்டு என் ஊருக்குள் நுழைய மாட்டேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தாள்.

"இத நாங்க எடுத்து அழிச்சிடணும் மேடம்." அதிகாரிக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "வேற வழி இல்ல."

"தெரியும். வெளியூர் நோய் எதுவும் உள்ள வந்துடக் கூடாது இல்லையா? எடுத்துக்கங்க. ஆனா பொய் சொல்லிக் கொண்டு வந்தேன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது."

வெளியே அவளுடைய தம்பி நோயல் காருடன் நின்றிருந்தான். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நீயாவே போய் நீட்டினியாக்கா?"

"நானேதான் நீட்டினேன். வண்டிய எடு."

நோரா மந்தைவெளியில் பிறந்தவள். தாத்தா காலத்துக்கும் முன்பிருந்தே அதே பங்குக் கோயிலில் ஞானஸ்நானம், அதே பங்கில் திருமணம், அதே பங்கில் அடக்கம் என்று இருக்கும் குடும்பம். நர்ஸ் படிப்பு முடித்து, ஒரு மருத்துவமனையில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, இங்கிலாந்துக்கு நர்ஸ்களைக் கூட்டம் கூட்டமாக எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் கிளம்பிப் போனாள். அவளுக்கு வாய்த்த இடம் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் இருக்கும் அபர்டீன். கடற்கரை ஊர்தான், ஆனால் காற்று அடித்தால் காது மடல் விறைத்துப்போகும்.

அங்கே அவள் போன முதல் கோடையில் வார்டில் யாருக்கோ பிறந்தநாள். முலாம்பழம் நறுக்கி வைத்திருந்தார்கள். ஒரு துண்டை வாயில் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். சுரைக்காயைப் பச்சையாகச் சீவி வைத்தது போல இருந்தது. இந்த ஊரில் இவ்வளவுதான், கப்பலில் வரும் பழம் இப்படித்தான் இருக்கும் என்றார்கள். அப்படியானால் இங்கேயே போட்டால் என்ன என்று கேட்டாள் நோரா. வார்டு முழுக்கச் சிரித்தது.

வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. இடித்த வீடுகளிலிருந்து பழைய ஜன்னல் கதவுகளை வாங்கி வந்து, அவற்றைச் சேர்த்துக் கட்டி ஒரு கண்ணாடிக் கொட்டகை போட்டாள். மீன் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு ஸ்டூவர்ட் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"இங்கே உருளைக்கிழங்கே யோசித்து யோசித்துத்தான் வளரும். முலாம்பழமா போடப் போகிறாய்?"

"கிழங்கு யோசிக்கட்டும். எனக்கு அவ்வளவு நேரம் இல்லை" என்றாள் நோரா.

முதல் வருஷம் பூ வந்தது, பிஞ்சு நிற்கவில்லை. அடுத்த வருஷம் எலுமிச்சையளவு ஒரு காய் வந்து அழுகியது. பகலில் சூடாகும் தண்ணீர் இரவில் அந்தச் சூட்டைத் திருப்பித் தரும் என்று கறுப்புப் பெயிண்ட் அடித்த பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிச் செடிகளுக்கு நடுவே அடுக்கினாள். சில வருஷம் போன பிறகுதான் விஷயம் பிடிபட்டது. இனிக்கிற சாதி அந்தக் குளிரைத் தாங்காது. குளிரைத் தாங்கிச் சீக்கிரம் பழுக்கிற சாதி இனிக்காது. கடையில் கிடைக்கிற எந்த விதையும் அவளுக்கு வேண்டியதைத் தராது. வேண்டியதை அவளேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

பிஞ்சு பிடிக்கப் போகும் பூவை முந்தின நாள் சாயங்காலமே அடையாளம் கண்டு, அது மலர்வதற்குள் உள்ளே இருக்கும் மகரந்தக் காம்புகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். இதழ்களை மூடி ஒட்டிவிட வேண்டும். காலையில் இன்னொரு சாதியின் ஆண்பூவைப் பறித்து, இதழைப் பின்னால் மடக்கி, அதன் தூளை இதன் நடுவில் தொட்டு வைத்து மறுபடி ஒட்ட வேண்டும். குறைமாதக் குழந்தைகளின் கையில் ஊசி ஏற்றிப் பழகிய விரல்கள் அவளுடையவை. ஒட்டுவதற்கு வார்டில் பயன்படுத்தும் மைக்ரோபோர் டேப்தான் சரியாக வந்தது. வருஷத்துக்கு ஒரு போகம்தான் அந்த ஊரில். முதல் கலப்பில் எல்லாச் செடியும் ஒரே மாதிரி வரும். அதன் விதையைப் போட்டால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். அதில் நல்லதைப் பிடித்து, மறுபடி போட்டு, மறுபடி பிடித்து, பல கோடைகள் போயின. கடைசியில் இரண்டு கைக்குள் அடங்குகிற அளவில் ஒரு பழம் வந்தது. உள்ளே ஆரஞ்சு நிறம். செப்டம்பர் குளிர் இறங்குவதற்குள் பழுத்துவிடும். ஸ்டூவர்ட் வேலி ஓரத்தில் நின்று தின்றுவிட்டுக் கிண்ணத்தை மறுபடி நீட்டினான். கிளம்பும்போது அவனிடமும் ஒரு பொட்டலம் விதை கொடுத்துவிட்டு வந்தாள். அந்தக் குளிருக்கென்று பிறந்த பழம் அங்கேயே இருக்கட்டும் என்று அவள் மனசைத் தேற்றிக்கொள்ள முடிந்தது அதனால்தான்.

அவளுடைய அப்பா கொரோனா சமயத்தில் இறந்தார். விமானம் இல்லாததால் போனில்தான் அடக்கத்தைப் பார்த்தாள். அடுத்த வருஷமே வேலையை விட்டுவிட்டாள். மந்தைவெளி வீட்டின் கீழ்ப்பகுதி நோயலுக்கு, மாடி அறையும் மொட்டை மாடியும் நோராவுக்கு என்று அப்பா எழுதி வைத்திருந்தார்.

வந்த மாதமே அன்பியக் கூட்டம் நோயல் வீட்டில் நடந்தது. பங்கில் பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்து வீட்டுக்கு வீடு ஜெபம் சொல்லும் கூட்டம் அது. ஜெபம் முடிந்து சுண்டலும் காப்பியும் வந்தது. பாடற்குழுவை நடத்துகிற டீனா நோராவைவிடச் சில வயது மூத்தவள். மனசில் பட்டதைக் கேட்டுவிடுகிறவள்.

"கல்யாணமும் பண்ணிக்கல. அங்க ஒரு வீடும் வாங்கல. இத்தன வருஷம் என்னதான் செஞ்ச நோரா?"

நோயலின் மனைவி ரெனிட்டா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வார்டுல வேலை பார்த்தேன். வீட்ல முலாம்பழம் போட்டேன்" என்றாள் நோரா.

"அது சரி. வேற?"

"வேற எதுக்கு டீனாக்கா? அதுவே ஒழுங்கா வர்றதுக்கு இத்தன வருஷம் ஆச்சு."

"இப்ப அந்தப் பழம் எங்க?"

"ஏர்போர்ட்ல அழிச்சிட்டாங்க. இங்க மறுபடி போடப் போறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நோரா அந்தப் பக்கம் திரும்பி, சிரித்தவர் அடங்கும் வரை பார்த்தாள்.

மறுநாளே மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போனாள். மெட்ரோ வேலைக்காகத் தெருவைப் பாதி அடைத்துத் தகரம் வைத்திருந்தார்கள். தகரத்தை ஒட்டித் தள்ளுவண்டி போட்டிருந்தார் பழக்கடை வலியுல்லா. முலாம்பழத்துக்கு இங்கே கிர்ணி என்றுதான் பேர். நோரா ஒவ்வொரு கிர்ணிப்பழமாக எடுத்துக் காம்பை முகர்ந்து முகர்ந்து வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா சிஸ்டர், துண்றதுக்கா, வேற எதுக்குனா?"

"விதைக்கு பாய்."

"வெதைக்கா! நீ இன்னா, பயிர் வைக்கப் போறியா?"

"மாடியில."

வலியுல்லா வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் தன் கையாலேயே இரண்டு நல்ல பழம் தேடி எடுத்துக் கொடுத்தார்.

அந்த வெயில் காலம் நோராவைப் படுத்தி எடுத்தது. குளிரோடு மல்லுக்கட்டப் பழகியவளுக்குச் சூட்டோடு எப்படிச் சண்டை போடுவது என்று தெரியவில்லை. ஏப்ரலில் மொட்டை மாடியில் பகல் நேரத்தில் நிற்கவே முடியவில்லை. ஒரு நாள் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். இலையெல்லாம் மெட்ரோ புழுதி. தேனீ ஒன்றுகூட வரவில்லை. இவள் கையால் தொட்டு வைத்த பூக்களில்தான் நாலைந்து பழம் வந்தது. நன்றாகவே இனித்தது.

"வந்துடுச்சே, அப்புறம் என்ன?" என்றான் நோயல்.

"வெயில் காலத்துல ஊரே போடுது. அதுல எனக்கு என்ன வேலை? மழையும் குளிரும் வர்ற மாசத்துல இந்த ஊர்ல யாரும் போடல. கிறிஸ்துமஸுக்கு நம்ம மாடியில பழுக்கணும்."

நோயலுக்கு முகம் மாறியது. அவனுக்கு ஒரு நியாயம் இருந்தது. மழைக்காலத்தில் அவர்கள் படுக்கையறைக் கூரை கசியும். செப்டம்பருக்குள் மாடியில் மண் நிரப்பிச் செடி வைத்திருக்கும் பைகளையெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று அவன் ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

"எடுக்க மாட்டேன்" என்றாள் நோரா. "கசிஞ்சா நான் பார்த்துக்கறேன்."

சொன்னபடியே செய்தாள். ஆள் வைக்கவில்லை. மாடித் தரை முழுவதையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, விரிசல்களை அடைத்து, முட்டி போட்டுக்கொண்டு தண்ணீர் புகாத வெள்ளைப் பூச்சை மூன்று தடவை அடித்தாள். பைகளுக்குக் கீழே இரும்புத் தாங்கி வைத்தாள். அந்த வருஷ மழையில் கூரை கசியவில்லை.

ஆனால் செடிகள் செத்தன. செப்டம்பரில் போட்ட கிர்ணிக் கொடிகள் அக்டோபர் வரை ஜோராக ஓடின. ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து ஓய்ந்ததும் இலையில் மஞ்சள் திட்டு விழுந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பல் பூசினாற்போல் பூஞ்சணம். ஒரு வாரத்துக்குள் எல்லாம் கருகிச் சுருண்டுவிட்டன. வலியுல்லாவிடம் சொன்னபோது அவர் உச்சுக்கொட்டினார்.

"ஆந்திராக்காரனே இந்த மாசத்துல கிர்ணி போட மாட்டான் சிஸ்டர். மழை அட்ச்சா எலை அயுகிப் பூடும். உனக்கு ஏன் இந்த வேலை? ரெஸ்டு எட்த்துக்கினு போய்க்கினே இரு."

"ரெஸ்ட் எடுக்கவா பாய் அங்கேர்ந்து வந்தேன்?"

கருகிய கொடிகளைப் பிடுங்கிப் போடும்போதுதான் நோரா அதைக் கவனித்தாள். சமையலறைக் குப்பையை மக்க வைக்கும் தொட்டியிலிருந்து ஒரு கொடி தானாக முளைத்து, செத்த கொடிகளுக்கு நடுவே புகுந்து போயிருந்தது. அதன் மேல் ஒரு மஞ்சள் புள்ளிகூட இல்லை. கோடையில் ரெனிட்டா வெள்ளரிப்பழம் நறுக்கி, விதையைத் தொட்டியில் கொட்டியிருந்தாள். பழுத்தால் பாளம் பாளமாக வெடித்து மாவு மாவாக இருக்கும், சர்க்கரை தூவித் தின்போமே, அந்த வெள்ளரிப்பழம். கிர்ணிக்கும் அதற்கும் ரத்த சம்பந்தம் உண்டு, ஒன்றின் தூள் இன்னொன்றில் பிடிக்கும் என்பது நோராவுக்குத் தெரியும். அந்தக் கொடியின் பக்கத்திலேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜனவரியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டாள். வெள்ளரியைத் தாயாக வைத்துக்கொண்டாள். அவளிடம் இருந்த கொடியில் பெண்பூ மகரந்தம் இல்லாமல் தனியாக வந்ததால் இடுக்கி வேலை மிச்சம். கலந்து வந்த விதையை அந்தக் கோடையில் போட்டதும் நீளநீளமாய்க் காய்கள் வந்து, பழுத்து, வெடித்தன. ரெனிட்டா ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"வெள்ளரிப்பழம்தானே அக்கா இது? கடையில கிடைக்குதே. இதுக்கா இவ்வளவு பாடு?"

"இது பாதி வழிதான் ரெனிட்டா. இதோட பூவுல மறுபடி கிர்ணியச் சேர்க்கணும்."

அந்தப் பூ வருகிற ஜூலை வாரத்தில்தான் திண்டுக்கல்லில் ரெனிட்டாவின் தம்பிக்குக் கல்யாணம். குடும்பமே கிளம்பியது. நோரா வரவில்லை என்றாள்.

"அக்கா, ஒரே ஒரு தம்பி எனக்கு. எல்லாரும் கேப்பாங்க."

"பூ காலையில திறந்து மத்தியானத்துக்குள்ள மூடிடும். நான் இல்லன்னா அதுக்கு யாரும் இல்ல. உன் தம்பி கல்யாணத்துக்கு ஊரே வரும்."

ரெனிட்டா பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டாள். திண்டுக்கல்லிலிருந்து திரும்பிய பிறகும் நோராவோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு மாடிக்கு வந்தது. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். தான் செய்தது சரி என்றுதான் நோரா நினைத்தாள். அதே சமயம் அந்தத் தட்டில் பாதியைத் தின்ன முடியாமல் மூடி வைத்தாள். இரண்டும் உண்மை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை, செடியை விடவும் இல்லை.

மழைக்கு முன்னால் அந்த விதைகளை மாடி நிறையப் போட்டாள். ஒவ்வொரு கொடியும் ஒவ்வொரு விதமாக வளர்ந்தது. நவம்பர் மழையிலேயே சில போய்விட்டன. மீதி, பிஞ்சும் காயுமாக டிசம்பரை எட்டிய நேரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததுமே நோரா கொடிப் பந்தல்களை அவிழ்த்துச் சாய்த்து, தரையில் தென்னை ஓலை பரப்பி, கொடிகளை அதன் மேல் படுக்க வைத்தாள். பைகளைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினாள். திங்கட்கிழமை விடிந்தபோது தெரு தெரியவில்லை. கீழ் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கரண்ட் போய்விட்டது. அரிசி டின், அடுப்பு, ஜெபமாலை மாதா சிலை, நோயலின் விடைத்தாள் கட்டு எல்லாம் நோராவின் ஒற்றை அறைக்கு ஏறின. பின்னாலேயே நோயலும் ரெனிட்டாவும் ஏறினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து நோயலைக் காணவில்லை. நோரா மொட்டை மாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். சாய்த்து அடிக்கும் மழையில் அவன் ஒரு பையின் கட்டை அவிழ்த்து இழுத்துக்கொண்டிருந்தான். கண்ணாடி மூக்கு நுனியில் தொங்கியது.

"அக்கா, அந்தப் பக்கம் பிடி! மாடிப்படியில வச்சிடலாம். ஒரு பத்து செடியாவது பொழைக்கும்!"

"விடுடா."

"என்ன விடு? எல்லாம் போயிடும்!"

"போறது போகட்டும். உள்ள வச்சுக் காப்பாத்திட்டா எது தாங்கும், எது தாங்காதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மழைக்குத்தானே இதப் போட்டேன். மழை வந்திருக்கு. நிக்கட்டும்."

"கல்யாணத்துக்குக்கூட வராமப் பார்த்துக்கிட்ட செடியாச்சேக்கா!"

"ஆமா. அதனாலதான் சொல்றேன், கைய எடு."

நோயல் கையை எடுத்தான். அவிழ்த்த கயிற்றை இரண்டு பேருமாகத் திரும்பக் கட்டினார்கள். உள்ளே வந்து படியில் உட்கார்ந்தவன், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, "நீ மனுஷியே இல்லக்கா" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். ரெனிட்டா ஒரு துண்டைக் கொண்டுவந்து நோராவின் கையில் திணித்தாள்.

"தலைய தொவட்டுங்க. காய்ச்சல் வந்தா இந்தத் தண்ணியில எந்த டாக்டரப் போய்ப் பாக்கறது?"

கல்யாணத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. மூன்று பேரும் அன்றைக்கு ஒரே சட்டியில் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள்.

தண்ணீர் வடிந்து, கீழ் வீட்டைக் கழுவி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் வெயில் வந்தது. வெயிலோடு பூஞ்சணமும் வந்தது. மாடி முழுக்க மஞ்சளும் சாம்பலுமாகக் கொடிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. நோரா ஒவ்வொன்றையும் நின்று பார்த்தாள், மருந்து அடிக்கவில்லை. நனைந்த பாயை உலர்த்த வந்த ரெனிட்டாதான் முதலில் சத்தம் போட்டாள்.

"அக்கா! இந்த மூலையில ஒண்ணு பச்சையா இருக்கு. தண்ணித் தொட்டி பக்கத்துல இன்னொண்ணு."

இரண்டே இரண்டு கொடிகள் நின்றிருந்தன. ஒன்றின் பழம் சப்பென்று இருந்தது. இன்னொன்றில் லேசாக, மிக லேசாக, கிர்ணியின் மணமும் இனிப்பும் இருந்தது. அந்த விதைகளை ரெனிட்டாவே கழுவி, சல்லடையில் பரப்பி, காக்கை கொத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து காய வைத்தாள்.

அடுத்த வருஷம் இனிப்புக் கூடியது. ஆனால் மழை பெய்த மறுநாள் பழமெல்லாம் காம்புப் பக்கம் பிளந்தது. ஒன்றைத் துணியில் சுற்றி வலியுல்லாவிடம் கொண்டுபோனாள். அவர் தின்று பார்த்துத் தலையை ஆட்டினார்.

"துண்றதுக்கு சோக்காக் கீது சிஸ்டர். பொய் சொல்ல மாட்டேன். ஆனா வண்டில வெச்சா சாயங்காலத்துக்குள்ள வாயைப் பொளந்துக்கும். யாவாரத்துக்கு ஆவாது."

"வியாபாரம் யாரு பண்ணப் போறா?"

"அப்ப எதுக்குத்தான் இம்மாம் பாடு படுற?"

"நீங்க வராதுன்னு சொன்னீங்க இல்ல? அதுக்கு."

வலியுல்லா சிரித்தபடி இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். பிளக்காத தோலுக்காக நோரா கெட்டித் தோல் கிர்ணி ஒன்றை அவரிடமே தேடி வாங்கி, அதையும் உள்ளே கலந்தாள். மறுபடி இடுக்கி, மறுபடி டேப். இதற்கிடையில் பங்கில் ஒரு பேச்சு கிளம்பியது. இந்தம்மாவுக்குத் தனியாக இருந்து இருந்து புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்று. நோயல் காதுக்கு அது வந்தபோது அவன் பூசை முடிந்து கோயில் வாசலிலேயே, பேசினவர் முகத்துக்கு நேராக, "எங்கக்கா புத்தி தெளிவாத்தான் இருக்கு. உங்க வீட்டு மாடி சும்மாத்தானே கிடக்கு, ஒரு செடி வச்சுட்டு வந்து பேசுங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். அவன் வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தான் என்று ரெனிட்டா சொன்னாள்.

போன டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் குழு வழக்கம்போலச் சாயங்காலமே வீடு வீடாகக் கிளம்பியது. நோயல் வீட்டில் இரண்டு பாட்டுப் பாடி முடித்ததும் ரெனிட்டா ஒரு பெரிய தட்டு நிறையப் பழம் நறுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே வெளிர் ஆரஞ்சு, ஓரத்தில் பச்சைக் கோடு. ஹால் முழுக்க மணம். கிடார் வாசித்தவன் கிடாரைக் கீழே வைத்துவிட்டான்.

டீனா ஒரு துண்டைத் தின்றாள். இன்னொன்றையும் தின்றாள்.

"கிர்ணி மாதிரி இருக்கு. ஆனா வாயில வைக்கும்போது மெத்துன்னு வேற மாதிரி. இந்த மாசத்துல எங்க கிடைச்சது?"

"எங்க மாடியில" என்றான் நோயல், நோரா வாயைத் திறப்பதற்கு முன்.

டீனா நோராவைப் பார்த்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சாதிச்சுட்ட. சரி, ஒத்துக்கறேன். இனிமேலாவது முட்டிவலியோட மாடி ஏறாம உக்காரு. பாடற்குழுவுல எனக்கு ஆள் வேணும்."

"பாட வர்றேன். உக்கார மாட்டேன்" என்றாள் நோரா. "இன்னும் பத்துல மூணு பழம் பிளக்குது. காய் சின்னதா நிக்குது. அது என் மனசுக்குப் பிடிக்கல."

"வயசு ஆகுதேம்மா."

"ஆகட்டும். செடி எதுவும் என் வயசக் கேட்டதில்ல."

கேரல் குழு அடுத்த வீட்டுக்குக் கிளம்பியது. எல்லோரும் செருப்புத் தேடும்போது டீனா மட்டும் பின்தங்கி நின்றாள். தட்டு ஓரத்தில் ரெனிட்டா ஒதுக்கி வைத்திருந்த விதைகளைக் காட்டினாள்.

"எனக்கு நாலு தருவியா?"

"எத்தன வேணும்னாலும் எடுத்துக்கங்க."

"எங்க ஃப்ளாட்டுல பால்கனிதான். வெயில் ஒரு பக்கம்தான் விழும். அதுல வராது, இல்ல?"

"வராதுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கேக்கறேன்."

"அப்ப போட்டுப் பாருங்க" என்று நோரா விதைகளை அள்ளி அவள் கைக்குட்டையில் கொட்டினாள். தெருவில் கிடார் ஆரம்பித்துவிட்டது. டீனா கைக்குட்டையை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, குழுவைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.